யாரோ ஒருவர்: போர்த்துக்கீசிய மொழியின் பொதுநிலைப் பிரதிப்பெயர்கள்

ஜன்னல், சாவி, அலமாரி, மேசை என்னும் சொற்களை நாம் நாடோறும் வழங்குகின்றோம். இவை போர்த்துக்கீசியர் நம் நாட்டில் விட்டுச் சென்றவை. ஆயினும் அவர்தம் மொழியின் இலக்கணத்தைக் கற்கப் புகும் மாணவர், ஆளையும் பொருளையும் இன்னாரென்றும் இன்னதென்றும் வரையறாது குறிக்கும் பிரதிப்பெயர்களைக் கண்டவுடன் மலைவுறுகின்றனர். அம்மலைவு வேண்டுவதன்று.

போர்த்துக்கீசியராகிய ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் முத்துக்குளித்துறையில் வாழ்ந்து தமிழ் கற்று, 1549-ஆம் ஆண்டை ஒட்டித் தமிழிலக்கணத்தைத் தம் மொழியில் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைத் தமிழெழுத்தில் அச்சிடுவித்தார். அவர் வந்த வழியிலேயே நாம் எதிர்முகமாகச் செல்வோம்.

தமிழில் 'யார்' என்னும் வினாப்பெயரோடு ஓகாரம் சேர யாரோ என்றும், உம்மை சேர யாரும் என்றும் ஆகும். போர்த்துக்கீசியத்தில் 'யார்' என்பது 'கேம்'. ஈற்று மகரம் மூக்கொலியாய் மெலியும். 'அல்கேம்' என்றால் யாரோ ஒருவர். 'நிங்கேம்' என்றால் ஒருவருமில்லை. இரண்டினுள்ளும் 'கேம்' மறைந்து நிற்றல் காண்க. 'குவல்கேர்' என்னுஞ் சொல்லோ 'எது' என்பதும் 'வேண்டும்' என்பதும் கூடியது. நாம் 'எது வேண்டுமானாலும்' என்பது போன்றதே. அதன் பன்மை 'குவாய்ஷ்கேர்'. மாற்றம் சொல்லின் நடுவே நிகழ்தல் நினைவிற் கொள்ளத்தக்கது.

திணைப் பாகுபாடும் நமக்குப் புதிதன்று. ஆளுக்கு அல்கேம், பொருளுக்கு 'அல்கூ' (ஏதோ); ஆளுக்கு நிங்கேம், பொருளுக்கு 'நாதா' (ஒன்றுமில்லை). எல்லாரும் என்பது 'தோதுஷ்'. எல்லாம் என்பது 'தூதூ'. இவற்றுள் அல்கேம், நிங்கேம், அல்கூ, நாதா, தூதூ என்பன பால் எண்களால் திரியா. 'அல்கூம்' (ஏதோ ஒரு) என்பது முதலியன பெயரடையாய் வருமிடத்துப் பாலும் எண்ணும் ஏற்றுத் திரியும்.

நிற்க, வழுக்குமிடம் ஒன்று உண்டு. தமிழில் 'ஒருவரும்' என்றால் வினை எதிர்மறையாதல் வேண்டும்: ஒருவரும் நெய்யவில்லை. போர்த்துக்கீசியத்தில் நிங்கேம் வினைக்கு முன் வரின் எதிர்மறைச் சொல் வேறு வேண்டா: 'நிங்கேம் தெசேவு'. வினைக்குப் பின் வரின் 'நௌம்' என்பதை முன்னே கூட்டுதல் கடன்: 'நௌம் தெசேவு நிங்கேம்'. இரண்டும் ஒரே பொருளன. முன்னதிலும் நௌம் சேர்த்தல் தமிழ்ப் பழக்கத்தால் விளையும் பிழை. மேலும், யாரோ வந்தார், யாராவது வந்தாரா என்னும் ஈரிடத்தும் அவர்க்கு அல்கேம் ஒன்றே. ஆகவே மொழிபெயர்க்குங்கால் இடமறிந்து தெரிந்துகொள்க.

நம் காஞ்சியில் கோர்வைச் சேலை நெய்யும் தறியில், உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களாற் கோத்து இணைத்தற்கு இருவர் கை வேண்டும். சேலையை உடுப்பார்க்கு அவ்விருவர் பெயருந் தெரியாது. அவரை அல்கேம் என்னலாமன்றி நிங்கேம் என்னலாகாது. அல்கேம் என்பது ஆள் உண்டு, பெயர் அறியோம் என்பதாம். நிங்கேம் என்பது ஆளே இல்லை என்பதாம். இவ்வேறுபாட்டை உளங்கொண்ட மாணவர் இப்பாடத்தில் ஒருகாலும் தடுமாறார்.