பால் கொடுக்கும் தாய்முயலைப் பேணல்

முயல் ஈன்றுவிட்டது என்றால் வீட்டிலுள்ள எல்லோரும் கூட்டைச் சுற்றி நின்று குட்டிகளை எண்ணுவோம். ஆறா, எட்டா என்ற பேச்சு அடங்கியதும் தாயை மறந்துவிடுவோம். வயலையும் மாட்டையும் விட்டு வந்து, கால் பரப்புக் காணியில் ஒரேயொரு தாய்முயலுடன் தொடங்கும் குடும்பத்துக்கு இந்த மறதி பெரிய நட்டம். கண் திறக்காத குட்டிகள் தாய் போனால் தாமும் போய்விடும்.

நாம் சென்று பார்த்த ஒரு குடியிருப்பில், ஈன்று 19ஆம் நாள் ஒரு தாய்முயல் இறந்து கிடந்தது. ஏதோ தொற்றுநோய் என்றே வீட்டார் நினைத்தார்கள். தூக்கிப் பார்த்தபோது முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. கூட்டில் கட்டியிருந்தது ஒரு சிறிய மீன் ரின். காலையில் ஊற்றிய தண்ணீர் வெயில் ஏறுமுன் வற்றிவிடும். மறுபடி ஊற்றுவது பின்னேரந்தான். "பச்சைப் புல் தின்கிற பிராணிக்குத் தண்ணீர் எதற்கு, ஃபாதர்?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். பலரும் நம்மிடம் கேட்கும் கேள்விதான் இது.

முயற்பால் மிகவும் தடிப்பானது. பசுப்பாலிலும் பார்க்கக் கொழுப்பும் புரதமும் ஏறக்குறைய மூன்று மடங்கு. அதனாலேயே குட்டி ஒரு வாரத்தில் பிறந்த நிறையின் இரு மடங்காகிறது. பால் சுரப்பு நாளுக்கு நாள் கூடி மூன்றாம் வாரத்தில் உச்சத்தை அடையும். அப்போது நல்ல இனத் தாய் நாளொன்றுக்கு 200 கிராம் வரை பால் கொடுக்கும். தின்பதும் குடிப்பதும் போதாவிட்டால் தன் உடம்பைக் கரைத்தே அது பாலாக்கும். ஆகவே ஈன்ற நாளைவிட மூன்றாம் வாரத்திலேயே நம் கவனம் கூடுதலாக இருக்கவேண்டும்.

பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு ஒரு லீற்றருக்குக் குறையாமல் சுத்தமான தண்ணீர் வையுங்கள். வெப்ப காலத்தில் அதுவும் போதாது. கவிழாத மண்சட்டி நல்லது. இரவிலும் அது நிறைந்திருக்க வேண்டும், முயல் இரவில்தான் அதிகம் தின்று குடிக்கும்.

தீனியை ஈன்ற அன்றே கூட்டவேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் குட்டிகளால் குடித்து முடிக்க இயலாத பால் மடியில் கட்டிவிடும். பிறகு தவிட்டையும் புண்ணாக்கையும் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போகலாம். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கு விஷம். மலிவாகக் கிடைத்தாலும் வாங்கவேண்டாம். பயிற்றங்கொடி, வற்றாளங்கொடி, முருங்கை இலை, அறுகு என்பவற்றைப் பனி ஈரம் போக நிழலில் வாடவைத்துக் கொடுங்கள். இப்பிலிப்பில் இலை புரதம் நிறைந்ததாயினும் மற்றத் தழைகளோடு கொஞ்சமாகவே கலக்கவேண்டும். கூடினால் உரோமம் கொட்டும்.

தாய் குட்டிகளோடு படுத்திருக்கவில்லை என்று பயந்து, பிடித்துப் பெட்டிக்குள் அமுக்குகிறவர்களும் உண்டு. அது வேண்டாத வேலை. முயல் நாளொன்றுக்குப் பெரும்பாலும் ஒரு முறைதான் பால் கொடுக்கும். அதுவும் மூன்று நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். காலையில் குட்டிகளின் வயிறு உருண்டிருந்தால் தாய் தன் கடமையைச் செய்துவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள்.

இரண்டு நாளைக்கொருமுறை தாயின் மடியைத் தடவிப் பாருங்கள். ஏதாவதொரு காம்பைச் சுற்றிச் சூடும் கல்போன்ற வீக்கமும் இருந்தால், தோல் சிவந்தோ நீலம்பாரித்தோ இருந்தால், அது மடிவீக்கம். ஆணி முனையும் கூரிய கம்பியும் காம்பைக் கீறுவதும், ஈரமான படுக்கையுமே பெரும்பாலும் இதைக் கொண்டுவருகின்றன. உடனே மிருக வைத்தியரிடம் காட்டவேண்டும். அந்தக் குட்டிகளை இன்னொரு தாயிடம் விட்டால் நோய் அதற்கும் போகும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம்: பிள்ளைக்கு வாங்கி மிஞ்சிய அமொக்சிசிலின், அம்பிசிலின் போன்ற மருந்தை முயலின் வாயில் ஊற்றவேண்டாம். அது முயலின் குடலிலுள்ள நல்ல கிருமிகளைக் கொன்று, கழிச்சலை உண்டாக்கி, முயலையே கொன்றுவிடும்.

தகரக் கூரையின் கீழ் கூடு இருந்தால் மேலே கிடுகு பரப்புங்கள். முயலுக்கு வியர்க்காது, வெப்பம் 30 பாகை தாண்டினால் தீனியைக் குறைக்கும், பாலும் குறையும். நண்பகலில் நனைத்த சாக்கொன்றைக் காற்று வரும் பக்கம் தொங்கவிட்டாலே பெரிய ஆறுதல்.

ஈன்ற மறுநாளே தாய் கிடாயை ஏற்கும் என்பது உண்மைதான். ஆயினும் தழையை நம்பி வளர்க்கும் நம் முயல்களுக்கு அந்த அவசரம் ஆகாது. வயிற்றிலும் குட்டி, மடியிலும் குட்டி என்றால் தாய் இரண்டொரு ஈற்றுடன் ஓய்ந்துவிடும். ஐந்தாறு வாரத்தில் குட்டிகளைப் பிரித்து, தாய் உடம்பு தேறிய பிறகு கிடாயிடம் விடுங்கள். வருடத்துக்கு நான்கு ஈற்று போதும்.

பிரிக்கும்போது கொழுத்த குட்டிகளை முதலில் எடுத்து, மெலிந்தவற்றை இன்னும் மூன்று நான்கு நாள் தாயுடன் விட்டுவையுங்கள். அந்த நாட்களில் தாய்க்குப் புண்ணாக்கை நிறுத்தித் தழை மட்டும் கொடுத்தால், பால் கட்டாமல் மெல்ல வற்றும்.