மட்டக்களப்பில் பழைய வேன் பார்க்கும்போது

சேமலாப நிதிக் காசில் மட்டக்களப்புப் பக்கம் பழைய வேன் வாங்கப் போகிறீர்களா? பெயின்டைப் பார்த்து மயங்க வேண்டாம். வாவித் தண்ணீர் உவர், கடற்காற்று உப்பு. 2011 சனவரியில் பெருவெள்ளமும் வந்த ஊர். காலடி விரிப்பைத் தூக்கி, சீட் ஆணிகளில் துரு இருக்கான்னு பாருங்க. சீட் பெல்ட்டை முழுசா இழுங்க. சேற்றுக்கறை கண்டால் வண்டி தண்ணீரில் நின்றிருக்கும். இஞ்சின் ஒயில் பால் தேத்தண்ணி நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கு. பேரமே பேசாமல் திரும்பிடுங்க.

நமக்கு முக்கியம் கிளட்ச். அங்கே தரை சமதளம், தேய்ந்த கிளட்ச்சும் நல்லாத்தான் ஓடும். நம்ம லயத்து ஏற்றத்தில்தான் வழுக்கும். வண்டி முன்னால் யாரையும் நிற்க விடாமல், ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, மூன்றாம் கியர் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விடுங்க. இஞ்சின் உடனே நின்றால் நல்லது. நிற்காமல் உறுமினால், புதுத் தட்டு போடும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்க.