அப்டேட்டுக்குப் பிறகு கொதிக்கும் லாப்டாப்: காத்திருப்பதா, கழற்றுவதா, மாற்றுவதா?

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடியபோது பிள்ளைகளின் படிப்புக்காக அவசரமாக வாங்கிய லாப்டாப்கள், கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, உலு சிலாங்கூர் பக்கத் தோட்டப்புற வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பள்ளிப் பாடம் முடிந்து, இப்போது அண்ணனிடமிருந்து தங்கைக்கு வந்திருக்கும். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதும், இவற்றில் பல விண்டோஸ் 11-க்கு ஏறின. "அப்டேட் போட்டதிலிருந்து அடுப்பு மாதிரி சுடுது" என்ற புலம்பல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பழியை அப்டேட் மீது மட்டும் போட முடியாது. சூடு என்பது இரண்டு கணக்கு. உள்ளே எவ்வளவு உண்டாகிறது என்பது ஒன்று. வெளியே எவ்வளவு போகிறது என்பது இன்னொன்று. அப்டேட் முதல் கணக்கைக் கூட்டுகிறது. செம்மண் சாலைத் தூசும், சமையலறை எண்ணெய்ப் பிசுக்கும், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகையும் ஐந்து வருடமாக இரண்டாவது கணக்கைக் குறைத்துவந்திருக்கின்றன. எந்தக் கணக்கு கெட்டிருக்கிறது என்று பார்க்காமல் கடைக்குப் போனால், தேவையில்லாத வேலைக்கும் சேர்த்துப் பணம் கட்டுவீர்கள்.

முதலில் ஒரு சிறு சோதனை

லாப்டாப்பை ஒரு முறை 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள். 'ஷட் டவுன்' போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி விண்டோஸின் ஒரு பகுதியை டிஸ்க்கில் அப்படியே வைத்து, அடுத்த முறை அதையே எழுப்பிவிடும். நேற்றைய சிக்கலும் கூடவே எழுந்துவரும்.

பிறகு மெத்தையில் வைக்காமல் மேசையில் வையுங்கள். எந்த நிரலும் திறக்காமல் கால் மணி நேரம் விட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பொத்தானையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சி.பி.யூ. எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். அதே நேரத்தில் பக்கவாட்டிலோ பின்புறமோ காற்று வெளிவரும் துளை அருகே கையை வையுங்கள்.

- சி.பி.யூ. 40, 50 விழுக்காட்டுக்கு மேல். காற்று பலமாக வருகிறது: மென்பொருள் சிக்கல். எதையும் கழற்ற வேண்டாம்.
- சி.பி.யூ. 5, 10 விழுக்காடுதான்; ஃபேன் இரைகிறது, காற்றோ மெலிந்து வருகிறது: உள்ளே தூசு அடைப்பு.
- சி.பி.யூ. குறைவு, காற்று நன்றாக வருகிறது, ஆனாலும் கொதிக்கிறது: சிப்புக்கும் உலோகத் தகட்டுக்கும் இடையிலுள்ள பேஸ்ட் காய்ந்திருக்கலாம்.
- கொதிக்கிறது, ஆனால் ஃபேன் சத்தமே இல்லை: ஃபேன் செத்திருக்கலாம், அல்லது அதை இயக்கும் மென்பொருள் அப்டேட்டில் தடுமாறியிருக்கலாம். (ஃபேனே இல்லாத சிறு மாடல்களுக்கு இது பொருந்தாது.)

எண்ணாகப் பார்க்க விரும்பினால் 'கோர் டெம்ப்' அல்லது 'எச்.டபிள்யூ.இன்ஃபோ' என்ற இலவச நிரல் போதும். பெரும்பாலான இன்டெல் லாப்டாப் சிப்களின் உச்சவரம்பு 100 டிகிரி செல்சியஸ். அதைத் தொட்டால் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்டேட்டுக்குப் பிறகு 'ஸ்லோ'வாகிவிட்டது என்று தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் அறைச் சூட்டுக்குக் கீழே குளிர வைக்க முடியாது. தகரக் கூரை வீட்டில் பிற்பகல் இரண்டு மணிக்கு அளந்துவிட்டுப் பயப்படாதீர்கள். காலையில் ஒருமுறை அளந்து ஒப்பிடுங்கள். சும்மா இருக்கும்போது 50, 55 டிகிரி நம் ஊருக்கு இயல்பு. சும்மா இருக்கும்போதே 85, 90 என்றால்தான் கவலை.

காத்திருப்பது

செலவில்லாத வழி இது. பெரிய அப்டேட் முடிந்ததும் விண்டோஸ் பின்னணியில் கோப்புகளுக்கெல்லாம் புதிதாக அட்டவணை போடும், வைரஸ் சோதனை செய்யும், பழைய அப்டேட் குப்பையைக் கூட்டும். டாஸ்க் மேனேஜரில் 'சர்ச் இண்டெக்ஸர்', 'ஆன்ட்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்', 'மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்' என்ற பெயர்கள் மேலே நின்றால் அதுதான் நடக்கிறது. சார்ஜரில் மாட்டி, மேசையில் வைத்து, நீங்கள் விழித்திருக்கும் இரண்டு மாலைப் பொழுதுகள் ஓட விடுங்கள். எஸ்.எஸ்.டி. உள்ள மெஷினில் சீக்கிரம் முடியும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் கூடுதல் நாள் ஆகும்.

மேக்புக்கிலும் இதே கதைதான். அப்டேட்டுக்குப் பின் ஸ்பாட்லைட் அட்டவணை போடும், படங்களை அலசும். 'ஆக்டிவிட்டி மானிட்டர்' திறந்தால் தெரியும்.

மூன்று நான்கு நாள் ஆகியும் அடங்கவில்லை, அல்லது கேள்விப்படாத பெயரில் ஒரு நிரல் சி.பி.யூ.வைத் தின்கிறது என்றால் காத்திருப்பு போதாது. காசு கொடுக்காமல் 'கிராக்' செய்த மென்பொருளோடு, உங்கள் மின்சாரத்தில் யாருக்கோ கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலும் நுழைந்திருக்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' ஓட்டுங்கள்.

சுமையைக் குறைப்பது

செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் பகுதியில் 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்று இருந்தால் 'பேலன்ஸ்ட்' ஆக்குங்கள். அது போதாவிட்டால் கன்ட்ரோல் பேனலின் 'பவர் ஆப்ஷன்ஸ்' உள்ளே சென்று, 'மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்' 100-இலிருந்து 99 ஆகக் குறையுங்கள். பெரும்பாலான மெஷின்களில் இந்த ஒரு விழுக்காடு 'டர்போ' வேகத்தை நிறுத்திவிடும். சூடு சட்டென இறங்கும். சில மாடல்களில் இந்த வரி மறைந்திருக்கும்.

இதற்கு விலை வேகம். கட்டுரை எழுத, பாடம் பார்க்க வித்தியாசம் தெரியாது. வீடியோ வெட்டி ஒட்டுபவருக்குத் தெரியும். நாளை மறுநாள் பரீட்சை, கடைக்குப் போக நேரமில்லை என்ற நிலைக்கு ஏற்ற வழி. அடைப்பை இது நீக்காது.

டிரைவரா, பின்வாங்குவதா?

சி.பி.யூ. ஓயாமல் ஓடுகிறது, காத்திருந்தும் பயனில்லை என்றால் இந்த இரண்டில் ஒன்று. முதலில் டிரைவரைப் பாருங்கள். 'டிவைஸ் மேனேஜர்' திறந்து 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' கீழே பாருங்கள். இன்டெல், ஏ.எம்.டி., என்விடியா என்ற பெயருக்குப் பதிலாக 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் காரணம் சிக்கிவிட்டது. படம் வரையும் வேலையையும் சி.பி.யூ.வே செய்துகொண்டிருக்கிறது, யூடியூப் திறந்தாலே கொதிக்கும். தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து டிரைவரை இறக்குங்கள். லெனோவோ வான்டேஜ், மைஏசஸ், டெல் சப்போர்ட்அசிஸ்ட் போன்ற சொந்த நிரல்கள் ஃபேன் அமைப்பையும் புதுப்பிக்கும். 'டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரத்தில் வருவதை மட்டும் தொடாதீர்கள்.

தயாரிப்பாளரின் நிரல் பயாஸ் அப்டேட் கேட்டால், வானம் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். சிலாங்கூரின் பிற்பகல் இடிமழை எப்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் என்று சொல்ல முடியாது. பயாஸ் பாதியில் நின்றால் மெஷின் எழுந்திருக்காமலே போகலாம். பேட்டரி செத்து, சார்ஜரில் மட்டுமே ஓடும் லாப்டாப்பில் இந்த வேலையே வேண்டாம்.

பின்வாங்குவதற்குக் கெடு உண்டு. பெரிய அப்டேட் என்றால் 10 நாளுக்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி, 'கோ பேக்' வழியாகப் பழையதற்குத் திரும்பலாம். அதற்குப் பின் பழைய கோப்புகளை விண்டோஸ் அழித்துவிடும். மாதாந்தரச் சிறு அப்டேட்டை 'அப்டேட் ஹிஸ்டரி' உள்ளே சென்று நீக்கலாம். அது உடனே மறுபடி ஏறாமலிருக்க அப்டேட்டைச் சில வாரம் 'பாஸ்' செய்யலாம்.

விண்டோஸ் 11-இலிருந்து 10-க்குத் திரும்புவோர் ஒன்றை யோசிக்க வேண்டும். சூடு தணியலாம், ஆனால் பாதுகாப்பு குறையும். தனிப் பயனர்களுக்காக மைக்ரோசாஃப்ட் 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்புத் திட்டம் வைத்தது. அதில் சேராமல் பழைய விண்டோஸில் வங்கிக் கணக்கைத் திறப்பது ஆபத்து. டிரைவர் சரியாகிறதா என்று முதல் வாரமே பார்த்துவிடுங்கள். பத்தாம் நாளுக்குள் முடிவெடுக்க அவகாசம் இருக்கும்.

வீட்டில் சுத்தம் செய்வதா, கடையிலா?

வாரண்டி இருந்தால் திறக்காதீர்கள். இல்லையென்றால், திறக்காமலே செய்யக்கூடியது ஒன்று: முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, காற்றுக் கேனால் துளைகளில் விட்டுவிட்டு ஊதுவது. ஃபேன் வெறித்தனமாகச் சுழன்றால் அதன் தாங்கி கெடும்; எட்டினால் ஒரு பற்குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். மோட்டார் பட்டறை கம்ப்ரஸரில் காட்டிவிடலாம் என்று சிலர் எடுத்துப் போவார்கள். அதில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், அழுத்தமும் அதிகம். வேண்டாம்.

வெளியிலிருந்து ஊதினால் தளர்ந்த தூசுதான் போகும். ஐந்து வருடத் தூசு, எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவே கம்பளமாகப் படிந்திருக்கும். எறும்புக் கூடும், காய்ந்த பல்லியும்கூட இருக்கலாம். அதற்கு அடிமூடியைத் திறக்கத்தான் வேண்டும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் கடையில் கொடுப்பது நல்லது. திறக்கும்போதே பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள். ஒரே உழைப்பில் இரண்டும் முடியும். சாதாரண பேஸ்ட் போதும். 'லிக்விட் மெட்டல்' போடலாம் என்று கடைக்காரர் ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். அதிலுள்ள கேலியம் அலுமினியத் தகட்டை அரித்துவிடும்.

கூலிங் பேட் வாங்குவது பற்றிப் பலர் கேட்கிறார்கள். அடியில் காற்றுத் துளை உள்ள மாடலுக்குச் சில டிகிரி இறங்கும். பின்பக்கத்தை இரண்டு புத்தகத்தின் மேல் தூக்கி வைத்தாலே அதில் பாதிப் பயன் கிடைக்கும். உள்ளே அடைத்திருந்தால் இரண்டுமே வீண்.

எந்தக் கடை?

பெஸ்தாரி ஜெயா, கோலசிலாங்கூர், ரவாங் கடைத் தெருக்களில் உள்ள சிறு கடைகள் தூசு, பேஸ்ட் வேலைக்குப் போதும். பக்கத்தில் இருப்பதால் வேலை சரியில்லையென்றால் மறுநாளே போய் நிற்கலாம். ஃபேன் மாற்ற வேண்டும் என்றால் பாகம் கைவசம் இருக்கிறதா என்பதே கேள்வி. அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் கடைகள் அதிகம், பாகமும் எளிதில் கிடைக்கும். ஆனால் டோல், பெட்ரோல், இழந்த ஒரு நாள் சம்பளம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த வேலையின் உண்மை விலை. கோலகுபு பாரு, தஞ்சோங் மாலிம் பக்கத்தார் கொமுட்டரில் கே.எல். சென்ட்ரல் வந்து, மோனோரயிலில் இம்பியில் இறங்கலாம். வாரண்டி உள்ளவர்களுக்கு, எவ்வளவு தூரமானாலும், தயாரிப்பாளரின் சேவை மையம்தான் சரி.

கடையில் கேட்க வேண்டியது இதுதான்: "அண்ணே, திறந்து பார்க்க மட்டும் எவ்வளவு? தூசு எடுத்து பேஸ்ட் மாத்தினா எவ்வளவு? ஃபோர்மாட் பண்றதுக்கு முன்னாடி என்னைக் கேட்பீங்களா?" மூன்றாவது கேள்வி முக்கியம். சூட்டுக்கு மருந்தாக முதல் வேலையாக ஃபோர்மாட் செய்யும் கடைகள் உண்டு. உப்சி, யுனிசெல் பல்கலைக்கழக மாணவரின் ஒரு பருவ வேலை அதில் போய்விடும். கொடுக்கும் முன் பென்டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள்.

மாற்றிப் போடுவதா, புதிது வாங்குவதா?

விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சிப் வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை முதல்தான் ஆதரவு. அதற்குக் கீழான மெஷினிலும் குறுக்கு வழியில் ஏற்றித் தரும் கடைகள் இருக்கின்றன. அப்படி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் வருமென்ற உத்தரவாதத்தை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை. டிரைவரும் கிடைக்காமல் போகலாம். உங்களுடையது இந்த வகையானால் லினக்ஸ் மின்ட் அல்லது குரோம் ஓ.எஸ். ஃபிளெக்ஸ் போட்டுப் பாருங்கள். கல்வி அமைச்சின் டெலிமா தளம் பிரவுசரிலேயே திறக்கும் என்பதால் பள்ளிப் பிள்ளைக்கு அது போதும். விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் தேவைப்படும் கல்லூரி மாணவருக்குப் போதாது.

பழுதுச் செலவு, அதே தரத்துப் பழைய லாப்டாப் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் புதிதை யோசிக்கலாம் என்பது என் கணக்கு. தூசும் பேஸ்ட்டும் அந்த எல்லையைத் தொடாது. மதர்போர்டு என்றால் பெரும்பாலும் தாண்டிவிடும்.

ஒரே ஒரு நிலையில் மேலே சொன்ன வரிசை எதுவும் செல்லாது. டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா, அடிமூடி பிதுங்கி மேசையில் ஆடுகிறதா? பேட்டரி வீங்கியிருக்கிறது. உடனே அணையுங்கள், சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், நேரே கடைக்குக் கொண்டுபோங்கள்.

எந்தக் கடையானாலும் செய்த வேலை, மாற்றிய பாகம், உத்தரவாத நாள் மூன்றும் ரசீதில் எழுதி வாங்குங்கள். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பழுதுபார்க்கும் சேவைக்கும் பொருந்தும். கடைக்காரர் கைவிரித்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே மனுச் செய்யலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும். அங்கே உங்களுக்காகப் பேசப்போவது அந்த ரசீதுதான்.