லிங்க் திறக்கவில்லையா? ஒழுங்குபடுத்த ஒரு வழிமுறை

கல்லூரி இணையதளத்தில் 'விண்ணப்பப் படிவம்' என்று இருக்கிறது. கடைசி நாள் இரவு பதினோரு மணிக்கு ஒரு மாணவி அதைத் தொடுகிறாள். '404' என்று வருகிறது. அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது, கேட்க ஆளில்லை. தளத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு இது ஒரு சின்னப் பிழை. அவளுக்கோ ஒரு வருடம்.

இது எங்கோ ஓரிடத்தில் நடப்பதல்ல. 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு, பத்தாண்டுகளில் காணாமல் போயிருந்ததாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் கண்டது. இணையதள வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருப்பவர்கள், யாரும் சொல்லாமலே, செத்த லிங்க்குகளைத் திருத்தும் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம். தளத்தின் மூலைமுடுக்கெல்லாம் சீக்கிரம் பழகிவிடும்.

1. பட்டியல் எடுங்கள்

ஸ்க்ரீமிங் ஃபிராக் என்ற மென்பொருளில் தள முகவரியைக் கொடுத்தால், ஒவ்வொரு லிங்க்காகத் தானே போய்ப் பார்த்துவரும். 500 முகவரிகள் வரை இலவசம். செத்த லிங்க் எந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை 'இன்லிங்க்ஸ்' பகுதி காட்டும். கூடவே கூகுள் சர்ச் கன்சோலையும் பாருங்கள். நீங்கள் மறந்துபோன பழைய முகவரிகளைக் கூகுள் இன்னும் தேடிக்கொண்டிருப்பது அதில்தான் தெரியும்.

2. எண்களைப் படியுங்கள்

404 என்றால் பக்கம் அங்கே இல்லை. 410 என்றால் வேண்டுமென்றே நீக்கப்பட்டது. 301 என்றால் நிரந்தரமாக இடம் மாறியது. 500 என்றால் கோளாறு சர்வரில். 403 வந்தால் அவசரப்படாதீர்கள். சில தளங்கள் மென்பொருளை மட்டும் தடுக்கும், மனிதருக்குத் திறக்கும். கையால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

3. எதை முதலில் தொடுவது?

மெனுவிலும் பக்கத்தின் அடியிலும் இருப்பவை முதலில். அங்கே ஒன்றைத் திருத்தினால் நூறு பக்கங்கள் சரியாகும். அடுத்து படிவம், கட்டணம், தொடர்பு எண் உள்ள பக்கங்கள். பழைய செய்திகள் கடைசியில்.

4. திருத்தும் முறை

எழுத்துப்பிழை என்றால் அங்கேயே திருத்துங்கள். பக்கம் இடம் மாறியிருந்தால் லிங்க்கை மாற்றுவது பாதி வேலைதான். பழைய முகவரி வாட்ஸ்அப்பிலும் அச்சடித்த கியூ.ஆர். குறியீட்டிலும் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும். அதிலிருந்து புதிய முகவரிக்கு 301 போட்டு, குறைந்தது ஓராண்டாவது வைத்திருங்கள். பழையதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று சங்கிலி நீண்டால், நேராகக் கடைசி முகவரிக்கே திருப்புங்கள்.

வெளித்தளத்துப் பக்கம் மறைந்துவிட்டதா? இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அதன் நகல் இருக்கலாம்; அதற்கு லிங்க் கொடுங்கள். எங்குமே இல்லையென்றால் லிங்க்கை எடுத்துவிடுங்கள்.

பலர் செய்யும் தவறு, இல்லாத பக்கங்களையெல்லாம் முகப்புக்குத் திருப்பிவிடுவது. பட்டியலில் பிழை மறையும். வந்தவரின் தேவை தீராது. படிவம் கேட்டவரை வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது உதவியாகாது. கூகுளும் இதைப் பெரும்பாலும் 404 போலவே எடுத்துக்கொள்ளும். ஈடான பக்கம் இல்லையென்றால் 404 வரட்டும். அந்தப் பக்கத்தில் ஒரு தேடுபெட்டியும் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும்.

5. தமிழ் முகவரிகளில் கவனம்

'அ' என்ற ஓரெழுத்து முகவரியில் 9 குறிகளாக விரியும். 'கி' 18 ஆகும். வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிக்கு ஒதுக்குவது 200 குறிகள்தான். நீளமான தமிழ்த் தலைப்பு நடுவில் அறுந்துபோகும். கையால் நகலெடுக்கும்போது பிசகவும் வாய்ப்பு அதிகம். தலைப்பு தமிழில் இருக்கட்டும். முகவரியை மட்டும் இரண்டு மூன்று ஆங்கிலச் சொற்களில் சுருக்கி நீங்களே கொடுங்கள்.

6. மறுபடி உடையாமல் இருக்க

நல்ல முகவரி மாறாது என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-இலேயே எழுதினார். ஆண்டுதோறும் மாறும் படிவத்துக்கு முகவரியில் ஆண்டைச் சேர்க்காதீர்கள். அதே பெயரில் புதிய கோப்பை ஏற்றுங்கள். ஒரு பக்கத்தை நீக்குமுன் அதற்கு எங்கிருந்தெல்லாம் லிங்க் வருகிறது என்று பாருங்கள். மாதம் ஒருநாள் குறித்துவைத்துச் சோதியுங்கள். எந்தப் பக்கம், எந்த லிங்க், என்ன செய்தீர்கள், எந்தத் தேதி என்று ஒரு எக்செல் தாளில் எழுதிவையுங்கள். அடுத்து வருபவருக்கு அது வழிகாட்டி. மேலாளரிடம் உங்கள் உழைப்புக்குச் சாட்சி.

திருத்தி முடித்ததும் அலுவலகக் கணினியை மூடிவிட்டு, உங்கள் போனில் அந்தப் படிவத்தைத் திறந்து பாருங்கள். அது இறங்கினால்தான் வேலை முடிந்தது.