ஆன்ஃபீல்டு அரங்கினுள்ளே

கால்பந்து அரங்கு என்றவுடன் பச்சைப் புல்தரையும், ஆர்ப்பரிக்கும் மக்கள் கூட்டமும், பந்தைத் துரத்தி ஓடும் இருபத்திரண்டு வீரர்களுமே நம் மனக்கண் முன் தோன்றுகின்றனர். ஆனால் நாடக மேடைக்குத் திரைமறைவு இருப்பது போல் விளையாட்டு அரங்குக்கும் ஒரு திரைமறைவு உண்டு. ஆட்டம் இல்லாத நாட்களில் அதனைப் பொதுமக்கள் சுற்றிப் பார்க்கப் பல நாடுகளில் வழிசெய்து வைத்துள்ளனர். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலுள்ள ஆன்ஃபீல்டு அரங்கும் அவற்றுள் ஒன்று. அன்புத் தோழியரே! அச்சுற்றுலாவின் வழியே நாமும் ஒருமுறை நடந்து செல்வோம். ஓர் அரங்கின் பெருமை அது வென்ற கோப்பைகளில் மட்டும் இல்லை. தன் வாயிலை அது யாருக்குத் திறக்கிறது, உள்ளே வந்தவரை எவ்வாறு காக்கிறது என்பதிலும் அப்பெருமை அடங்கியுள்ளது. இதனையே நாம் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

வீடு முந்தியது, குடித்தனம் பிந்தியது

ஆன்ஃபீல்டு அரங்கு 1884-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இன்று அது லிவர்பூல் கழகத்தின் தாயகம். ஆனால் முதன்முதலில் அங்கே குடியிருந்தது எவர்ட்டன் என்னும் வேறொரு கழகம். எவர்ட்டன் கழகத்தின் தலைவரும் மதுபானத் தொழிலதிபருமான ஜான் ஹோல்டிங் என்பவருக்கும் கழகத்தாருக்கும் வாடகை குறித்துப் பிணக்கு ஏற்பட்டது. வீட்டுக்காரரோடு ஒத்துப்போகாத குடித்தனக்காரரைப் போல் எவர்ட்டன் கழகத்தார் 1892-இல் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறினர். அருகிலுள்ள ஸ்டான்லி பூங்காவின் மறுபுறம் குட்டிசன் பார்க் என்னும் புதிய அரங்கை அமைத்துக்கொண்டனர். வெறுமையாய்க் கிடந்த அரங்கில் விளையாட ஹோல்டிங் ஒரு புதிய கழகத்தையே உருவாக்கினார். அதுவே லிவர்பூல் கழகம். ஆள் இன்றி அரங்கு இல்லை என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார் போலும்!

உடைமாற்றும் அறையும் சுரங்க வழியும்

சுற்றுலாவில் முதலில் நம்மைக் கவர்வது வீரர்கள் உடைமாற்றும் அறை. சுவரோரமாக இருக்கைகள், அவற்றின் மேல் வீரர்களின் எண்ணும் பெயரும் பொறித்த சிவப்புச் சட்டைகள். வேறு ஆடம்பரம் எதையும் நாம் எதிர்பார்க்க வேண்டியதில்லை. அங்கிருந்து ஆடுகளத்துக்குச் செல்லும் சுரங்க வழியில் 'இது ஆன்ஃபீல்டு' என்னும் பொருள்பட எழுதிய சிறு பலகை ஒன்று தொங்குகிறது. அதனை மாட்டச் செய்தவர் பில் ஷாங்க்லி. ஸ்காட்லாந்தின் சுரங்கத் தொழிலாளர் சிற்றூர் ஒன்றில் பிறந்து, தாமும் இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர் அவர். 1959-இல் அவர் பயிற்சிப் பொறுப்பை ஏற்றபோது லிவர்பூல் அணி இரண்டாம் பிரிவில் கிடந்தது. 1974-இல் அவர் விலகியபோது அது நாட்டின் முதன்மை அணிகளுள் ஒன்றாய் விளங்கியது. எதிரணியினர் களத்தில் கால் வைக்கும் முன்பே அவர்தம் நெஞ்சில் ஓர் அச்சத்தை ஊட்டவே அப்பலகை!

ஷாங்க்லியின் காலத்தில் இதே கட்டடத்தில் வீரர்களின் காலணிகளை வைக்கும் சின்னஞ்சிறு அறை ஒன்று இருந்தது. ஆட்டம் முடிந்ததும் துணைப் பயிற்சியாளர்கள் அங்கே கூடிப் பேசி, அன்றைய குறைநிறைகளை அலசுவார்கள். அவ்வாறு பேசியவர்களுள் ஒருவரான பாப் பெய்ஸ்லி பின்னர் தலைமைப் பொறுப்பை ஏற்று 1977, 1978, 1981 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையை வென்றார். மற்றொருவரான ஜோ ஃபேகன் 1984-இல் அதே கோப்பையை வென்றார். அந்த அறை 1993-இல் இடிக்கப்பட்டுவிட்டது. எனினும் கால்பந்து வரலாற்றில் அதற்கு அழியாத இடம் உண்டு. பெருஞ்செயல்களுக்குப் பெரிய அறைகள் தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

புல்லும் ஓர் உழைப்பே

சுரங்க வழியைக் கடந்தால் ஆடுகளம் விரிகிறது. 101 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். புல்லின் மேல் கால் வைக்கப் பார்வையாளருக்கு அனுமதி இல்லை. காரணம் உண்டு. உயர்ந்த இருக்கை மாடங்கள் நாற்புறமும் சூழ்ந்திருப்பதால் இத்தகைய அரங்குகளில் புல்லுக்குப் போதிய வெயில் கிடைப்பதில்லை. ஆகவே சக்கரம் பூட்டிய சட்டங்களில் விளக்குகளைத் தொங்கவிட்டுச் செயற்கை ஒளியூட்டி வளர்க்கின்றனர். குளிர்காலத்தில் மண் உறைந்து போகாதிருக்கத் தரைக்கடியில் சூடேற்றும் குழாய்கள் ஓடுகின்றன. தொண்ணூறு நிமிட ஆட்டத்துக்காக வாரம் முழுவதும் உழைக்கும் தோட்டப் பணியாளர்களின் பெயர் எந்தப் பலகையிலும் ஒளிர்வதில்லை.

'காப்' என்னும் குன்று

ஆடுகளத்தின் ஒரு முனையில் ஒரே சரிவாக உயர்ந்து நிற்கும் பெரும் மாடத்துக்கு 'காப்' என்று பெயர். இப்பெயரின் வேரைத் தேடினால் நாம் தென்னாப்பிரிக்காவுக்குச் செல்ல நேரிடும். அங்கே நேட்டால் பகுதியில் ஸ்பியான் காப் என்னும் குன்று உள்ளது. 'நோட்டம் பார்க்கும் குன்று' என்பது அச்சொல்லின் பொருள். 1900-ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் அக்குன்றின்மேல் நடந்த போரில் ஆங்கிலப் படையினர் நூற்றுக்கணக்கில் மடிந்தனர். அவர்களுள் பலர் லிவர்பூலை உள்ளடக்கிய லங்காஷயர் பகுதியின் படைப்பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, 1906-இல், ஆன்ஃபீல்டில் மண்ணும் சாம்பலும் கொட்டி உயரமான மேடு எழுப்பப்பட்டபோது, உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவர் அதற்கு அக்குன்றின் பெயரையே சூட்டும்படி எழுதினார். பெயர் நிலைத்தது.

இக்குன்றோடு நமக்கும் ஓர் உறவு உண்டு. அப்போரில் காயமுற்றோரைச் சுமந்து செல்ல நேட்டால் இந்தியர் ஆம்புலன்சுப் படை ஒன்று இயங்கியது. அதனை அமைப்பதில் முன்னின்றவர் அப்போது டர்பனில் வழக்கறிஞராக இருந்த காந்தியடிகள். அதிலிருந்த ஏறத்தாழ 1,100 பேரில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகளாய்க் கடல் கடந்து சென்றவர்கள். நேட்டாலின் ஒப்பந்தக் கூலிகளில் மிகப் பலர் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற தமிழரும் தெலுங்கருமே. நாளொன்றுக்கு இருபது, இருபத்தைந்து மைல் தூரம் தூளி சுமந்து நடந்ததாகக் காந்தியடிகள் எழுதியுள்ளார். போரில் மடிந்தவரின் நினைவு ஓர் அரங்கின் பெயரில் வாழ்கிறது. சுமந்தவரின் நினைவை நாமாவது போற்றுவோமாக!

முன்பு 'காப்' மாடத்தில் இருக்கைகள் இல்லை. நெருக்கியடித்து நின்றுகொண்டே ஏறத்தாழ 28,000 பேர் ஆட்டம் பார்த்ததுண்டு. இன்று அதே இடத்தில் 12,000 பேருக்குச் சற்று அதிகமானோர் அமர்ந்து பார்க்கின்றனர். இம்மாற்றம் 1994-இல் நிகழ்ந்தது. ஏன் நிகழ்ந்தது என்பதை அறிய நாம் அடுத்த இடத்துக்குச் செல்ல வேண்டும்.

அணையா விளக்கு

அரங்கின் முதன்மை மாடத்தின் வெளிச்சுவரருகே ஒரு நினைவுச் சின்னம் உள்ளது. அதில் 97 பெயர்கள். நடுவே ஓர் அணையா விளக்கு. அங்கே வருவோர் பூங்கொத்துகளையும் சிவப்புக் கழுத்துத்துண்டுகளையும் வைத்துச் செல்கின்றனர்.

1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 15. ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் லிவர்பூல் அணிக்கும் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அணிக்கும் அரையிறுதி ஆட்டம். லிவர்பூல் ஆதரவாளர் நின்று பார்க்க ஒதுக்கப்பட்ட பகுதிக்கு 10,100 பேர் வரவேண்டும். அவர்கள் நுழைய இருந்தவையோ 7 சுழற்கதவுகள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே புகக்கூடிய கதவுகள் அவை. ஆட்டம் தொடங்கும் நேரம் நெருங்க நெருங்க வெளியே நெரிசல் முற்றியது. அதனைத் தணிக்கக் காவல்துறையினர் பிற்பகல் 2.52 மணிக்கு அகன்ற வெளிவாயில் ஒன்றைத் திறந்துவிட்டனர். உள்ளே வந்தவர்களின் கண்முன் ஒரு சுரங்க வழி தெரிந்தது. எல்லோரும் அதனுள் சென்றனர். அது கொண்டுபோய்ச் சேர்த்த நடுப் பகுதிகளோ முன்பே நிரம்பியிருந்தன. பக்கத்துப் பகுதிகளில் இடம் இருந்தது. ஆனால் அங்கே திருப்பிவிட எவரும் இல்லை. களத்தில் எவரும் இறங்காதபடி முன்னால் உயர்ந்த கம்பி வேலி. பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியவில்லை. 3.06 மணிக்கு ஆட்டம் நிறுத்தப்பட்டது. அதற்குள் விபரீதம் நேர்ந்துவிட்டது. மாண்டவர்களுள் மிக இளையவன் 10 வயதுச் சிறுவன். அன்றைய காயங்களின் விளைவாக 97-ஆவது உயிர் பிரிந்தது 2021-இல். 32 ஆண்டுகள் கழித்து!

பழி முதலில் ஆதரவாளர்கள் மீதே சுமத்தப்பட்டது. மாண்டோரின் குடும்பத்தினர் அதை ஏற்கவில்லை. அவர்களுள் ஆன் வில்லியம்ஸ் என்னும் தாயும் ஒருவர். தம் 15 வயது மகனை இழந்தவர் அவர். அன்று 3.15 மணிக்குப் பின் எவரையும் காப்பாற்றியிருக்க இயலாது என்று முதல் விசாரணை கொண்ட கருத்தை அவர் ஒப்பவில்லை. கடைகளில் வேலை செய்த எளிய பெண்மணி, சட்டம் படித்தவரல்லர். சாட்சிகளைத் தாமே தேடிச் சென்றார். மனு தள்ளப்பட்டால் மறுபடியும் மனுச் செய்தார். 2012 டிசம்பரில் பழைய தீர்ப்புகளை உயர்நீதிமன்றம் நீக்கியது. சில மாதங்களில், 2013 ஏப்ரலில், அவர் காலமானார். மாண்டோர் சட்டத்துக்கு மாறாகக் கொல்லப்பட்டனர் என்றும், ஆதரவாளர்கள் மீது பழி இல்லை என்றும் 2016-இல் நடுவர் குழு கூறிய தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை.

ஒரு கணக்கு

தோழியரே, கணக்கு நோட்டை எடுங்கள். 10,100 பேரை 7 கதவுகளுக்குப் பங்கிட்டால் ஒரு கதவுக்கு ஏறத்தாழ 1,443 பேர். ஒரு சுழற்கதவின் வழியே மணிக்கு 660 பேருக்கு மேல் கணக்கிடலாகாது என்பது இன்று இங்கிலாந்தின் அரங்கப் பாதுகாப்பு வழிகாட்டி கூறும் வரம்பு. 1,443-ஐ 660-ஆல் வகுத்துப் பாருங்கள். இரண்டு மணி பத்து நிமிடத்துக்கும் சற்று அதிகம் வருகிறது. அத்தனை பேரும் அவ்வளவு முன்னதாகச் சீராக வந்து நின்றிருந்தால்தான் அக்கதவுகள் போதும். ஐந்தாம் வகுப்பு மாணவி போடக்கூடிய இவ்வகுத்தலைப் பெரியவர்கள் முன்கூட்டியே போட்டுப் பார்க்காததன் விலை என்னவென்று அந்தப் பெயர்ப் பட்டியல் சொல்கிறது.

1990-இல் நீதிபதி டெய்லர் அளித்த அறிக்கையின் விளைவாகப் பெரிய அரங்குகளில் கம்பி வேலிகள் அகற்றப்பட்டன. நிற்கும் மாடங்கள் இருக்கை மாடங்களாயின. ஆட்டம் முடிந்தால் எட்டு நிமிடங்களுக்குள் அனைவரும் தத்தம் பகுதியிலிருந்து தடையின்றி வெளியேறும் வழியை அடைய வேண்டும் என்பது அதே வழிகாட்டியின் மற்றொரு விதி. இன்று ஆன்ஃபீல்டில் ஏறத்தாழ 61,000 பேர் அமரலாம். சுற்றுலாவில் நாம் ஏறி இறங்கும் அகன்ற படிகளும் நடைகளும் இத்தகைய கணக்குகளின் வடிவங்களே.

அடைத்து வைத்த வாயில்

இனிப் பெண்களாகிய நாம் அறிய வேண்டிய செய்தி ஒன்று. பூங்காவின் மறுபுறமுள்ள குட்டிசன் பார்க்கில் 1920 டிசம்பர் 26 அன்று இரு பெண்கள் அணிகள் மோதின. ஒன்று பிரெஸ்டன் நகரத் தொழிற்சாலைப் பெண்கள் அமைத்த டிக், கெர் மகளிர் அணி. மற்றொன்று செயின்ட் ஹெலன்ஸ் அணி. பார்க்கக் கூடியவர்கள் ஏறத்தாழ 53,000 பேர்! இடமின்றி வெளியே நின்றவர்கள் பல்லாயிரவர். திரட்டிய பணம் அறப்பணிக்குச் சென்றது.

மறு ஆண்டு டிசம்பரில் ஆங்கிலக் கால்பந்துச் சங்கம், இவ்விளையாட்டு பெண்களுக்கு ஏற்றதன்று எனக் கூறி, தன் உறுப்புக் கழகங்களின் அரங்குகளில் பெண்கள் ஆடலாகாது என்று தடை விதித்தது. ஆடத் தெரியவில்லை என்றா? பார்க்க ஆளில்லை என்றா? இரண்டும் இல்லை என்பதற்கு அந்த 53,000 பேரே சாட்சி. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்த வாயில் 1970-களின் தொடக்கத்தில்தான் திறந்தது. 2019 நவம்பரில் லிவர்பூல், எவர்ட்டன் மகளிர் அணிகள் ஆன்ஃபீல்டில் மோதியபோது 23,500 பேர் வந்தனர். 2025-இல் எவர்ட்டன் ஆடவர் அணி துறைமுகத்தருகே புதிய அரங்குக்குச் சென்றதும், குட்டிசன் பார்க் அக்கழகத்தின் மகளிர் அணிக்கு நிலையான தாயகமாயிற்று.

நாம் கற்பவை

சுற்றுலா முடிந்து வெளியே வரும்போது கோப்பைகள் நிறைந்த காட்சிக்கூடமும் கண்ணில் படும். அதனையும் கண்டு மகிழ்வோம். ஆனால் ஊர் கூடித் தேர் இழுக்கும் இடம் எதுவாயினும், அங்கே தேரைப் பார்ப்பவர் பலர். வடம் பிடிப்போரின் காலடியைப் பார்ப்பவர் சிலரே. அச்சிலருள் ஒருவராய் இருக்க நாம் பழக வேண்டும். அதற்கு உதவியாகச் சில வினாக்கள்:

1. நம் ஆண்டு விழா அரங்கில் எத்தனை வாயில்கள் உள்ளன? விழா நேரத்தில் அவற்றுள் எத்தனை திறந்திருக்கின்றன?

2. அரங்கு நிறைந்திருக்கும்போது அனைவரும் வெளியேற எத்தனை நிமிடம் ஆகும்? ஒரு வாயிலில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை பேர் செல்கின்றனர் என எண்ணிப் பார்த்துக் கணக்கிடுக.

3. விளையாட்டு நேரத்தில் நம் மைதானத்தில் இடமின்றி ஓரமாய் நிற்பவர்கள் யார்? ஏன் நிற்கின்றனர்?

விடைகளை எழுதி வகுப்பாசிரியையிடம் கொடுப்போம். முதல் இரண்டு வினாக்களின் விடையைத் தலைமையாசிரியை அவர்களும் பார்த்தால் நல்லது.