ஐப்பசி மழையில் கடலூரா, பிச்சாவரமா, சிதம்பரமா?

தீபாவளி விடுமுறைக்கு எங்கள் பக்கம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "மழை இருக்குமா?" என்றுதான். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவதே அக்டோபர் 20-ஐ ஒட்டி. மழை இருக்கும். கேட்க வேண்டியது, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும் என்பதைத்தான்.

2020 டிசம்பரில் புரெவி புயல் ராமநாதபுரம் கரையருகே வலுவிழந்து நின்றது. சிதம்பரத்தில் ஒரே நாளில் 34 சென்டிமீட்டர் கொட்டி, நடராஜர் கோயிலுக்குள் தண்ணீர் புகுந்தது. 2024-இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 அன்று கரையைத் தொட்டது. தென்பெண்ணை ஆறு கடலூருக்குள் புகுந்ததோ டிசம்பர் 2-ஆம் தேதி, சாத்தனூர் அணையில் நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்த பிறகு. புயல் போய்விட்டது என்று பெருமூச்சு விட்டவர்கள் வீட்டுக்குள்தான் அந்தத் தண்ணீர் வந்தது.

அதனால் என் தேர்வில் கடைசி இடம் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு. மணலில் உட்கார்ந்து அலை பாருங்கள், போதும். இந்தப் பருவத்தில் காலைக்கூட நனைக்க வேண்டாம். கடல் செம்மண் நிறத்தில் கலங்கி, கரையெங்கும் ஆகாயத்தாமரை வேரோடு ஒதுங்கிக் கிடந்தால் கெடிலம் ஆறோ தென்பெண்ணையோ பெருக்கெடுத்துவிட்டது என்று பொருள். அன்றைக்கு மேலே வானம் பளிச்சென்று இருக்கலாம். நம்பாதீர்கள்.

பிச்சாவரத்துக்கு வானிலை அறிக்கை மட்டும் பார்த்தால் போதாது, வீராணம் ஏரியையும் பாருங்கள். அதன் முழு நீர்மட்டம் 47.50 அடி. அதை நெருங்கினால் உபரி நீர் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் போகும். பிச்சாவரத்தின் சுரபுன்னைக் காடு அந்த இரண்டு ஆறுகளுக்கும் நடுவில்தான் இருக்கிறது. ஏரி தணிந்து, மஞ்சள் எச்சரிக்கைகூட இல்லாத காலைப் பொழுது கிடைத்தால் துடுப்புப் படகில் போங்கள். கிளைகள் தலையை உரசும் குறுகிய வாய்க்காலில் வாடைக்காற்று தெரியாது. அகன்ற நீர்ப்பரப்புக்கு வந்ததும்தான் அது படகை அடித்துத் திருப்பும். இடி கேட்டால் பாதியிலேயே திரும்பிவிடுங்கள். கடலூர் துறைமுகத்தில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் புறப்படவே வேண்டாம்.

குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு நான் சொல்வது சிதம்பரம்தான். ரயிலில் வந்து இறங்கலாம், கல் மண்டபங்களில் மழைக்கு ஒதுங்கலாம், பிச்சாவரம் பக்கத்திலேயே இருப்பதால் விடியலில் ஏரியையும் எச்சரிக்கையையும் பார்த்து முடிவெடுக்கலாம். ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை மழை எதிர்பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அன்று அறையிலேயே இருங்கள். சிவப்பு என்றால் பயணத்தையே தள்ளிப் போடுங்கள்.

மார்கழி ஆருத்ரா தரிசனத்தின்போது மழை ஓய்ந்திருக்கும் என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. ஆனால் தானே புயல் எங்கள் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது 2011 டிசம்பர் 30 காலையில். பிச்சாவரம் மட்டும் போதும் என்பவர்கள் தை பிறக்கும்வரை பொறுத்திருங்கள். வலசை வந்த பறவைகள் அப்போதும் அங்கேதான் இருக்கும்.