மரம் குடிப்பது எந்தத் தண்ணீர்?

வேலிக்காத்தான் என்கிற சீமைக் கருவேலம் நிலத்தடி நீரை உறிஞ்சிவிடுகிறதா? நெய்வேலிச் சுரங்கத்துக்காக ஆழத்து நீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்களே, முந்திரித் தோப்புகளுக்கு அதனால் பாதிப்பு உண்டா? விருத்தாசலம் பக்கத்தில் இவற்றுக்குப் பதில் சொல்லாதவர் இல்லை. அளந்து சொல்பவர்தான் குறைவு.

அளக்க வழி இருக்கிறது. தண்ணீரில் ஏறக்குறைய ஐந்நூறில் ஓர் ஆக்சிஜன் அணு கனமான ஆக்சிஜன்-18. ஹைட்ரஜனில் இன்னும் அரிதாக டியூட்டீரியம். இரண்டும் கதிர்வீச்சு இல்லாத நிலையான ஐசோடோப்புகள். நீர் ஆவியாகும்போது லேசானது முந்திப் போகும், கனமானது பின்தங்கும். அதனால் வெயிலில் காயும் மேல்மண்ணின் ஈரத்துக்கு ஒரு விகிதம், கிணற்று நீருக்கு வேறொரு விகிதம். வேர் உறிஞ்சும்போது பெரும்பாலும் இந்த விகிதம் மாறுவதில்லை. கிளையிலுள்ள நீரை எடுத்துப் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது என்று ஓரளவு சொல்லலாம். இதில் இறங்க நினைக்கும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சில குறிப்புகள்.

செய்ய வேண்டியவை

• மரத்தைத் தொடுவதற்கு முன் நீர்களை ஒப்பிடுங்கள். மண்ணை அரை மீட்டருக்கு ஒன்றாகத் தோண்டி எடுங்கள். கிணறு, போர், மணிமுக்தாறு ஆகியவற்றின் நீரையும் எடுங்கள். எல்லாம் ஒரே விகிதத்தைக் காட்டினால் இந்த முறை அங்கே பயன்படாது. ஏப்ரல், மே மாதங்களில் வேறுபாடு நன்றாகத் தெரியும். ஐப்பசி மழையில் நனைந்த மண்ணில் எடுத்தால் எல்லாம் கலந்து குழம்பும். ஒப்பீட்டுக்காக அப்போதும் ஒருமுறை எடுப்பது நல்லது.

• மழையை மாதந்தோறும், வருடம் முழுக்கச் சேகரியுங்கள். வடகிழக்குப் பருவமழையில் கனமான ஐசோடோப்புகள் பொதுவாகத் தென்மேற்கு மழையைவிடக் குறைவு. எந்த மழை கிணற்றில் சேர்ந்தது என்பதற்கே இது துப்பு. புட்டியில் ஆவியாதலைத் தடுக்க மேலே கொஞ்சம் பாராஃபின் எண்ணெய் விடுங்கள்.

• பட்டை பழுப்பேறிய, பென்சில் தடிமனுள்ள கிளையை வெட்டுங்கள். பட்டையை உரித்துவிட்டு உடனே கண்ணாடிக் குப்பியில் போட்டு இறுக மூடி, பனிக்கட்டியில் வையுங்கள். பச்சைத் தளிரும் இலையும் ஆகாது. இலையில் நீராவிப்போக்கு நடப்பதால் அங்குள்ள நீர் கனமேறிக் கிடக்கும்.

• போரில் தேங்கி நின்ற பழைய நீர் போகும்வரை மோட்டாரை ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். போரின் ஆழத்தையும் கேட்டு எழுதுங்கள். “தண்ணீர் எடுத்தோம்” என்று மட்டும் குறித்த நோட்டு யாருக்கும் உதவாது.

• நீர் எந்த வழியாக வருகிறது என்று ஊரில் விசாரியுங்கள். இந்த வட்டாரத்தில் மிக முக்கியமானது இதுதான் என்பேன். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீரை இறைத்து வெளியேற்றினால்தான் நிலக்கரியை வெட்ட முடியும். அப்படி வெளியேறும் சுரங்க நீர் வாய்க்கால்களில் ஓடி வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வரை பாசனத்துக்குப் போகிறது. அந்த வாய்க்கால் கரையில் நிற்கும் மரத்தில் ஆழ்நீரின் அடையாளம் கிடைத்தால், அதன் வேர் ஆழத்துக்குப் போயிருக்கிறது என்று எழுதிவிடத் தோன்றும். மரம் மேலே நின்றபடி வாய்க்கால் நீரைக் குடித்திருக்கலாம்.

செய்யக்கூடாதவை

• களிமண்ணிலிருந்து நீரை அவசரப்பட்டு இறக்காதீர்கள். வெயிலில் காய்ந்த பொம்மைக்குள்ளும் நீர் உண்டு என்பது விருத்தாசலம் சூளைக்காரர்களுக்குத் தெரியும். சூட்டை மெல்ல ஏற்றாவிட்டால் பொம்மை வெடிக்கும். கயோலின் கட்டமைப்பில் பிணைந்த நீர் 500 டிகிரி அளவில்தான் வெளியேறும். ஆய்வகத்தில் மண்ணை வெற்றிடத்தில் 100 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, வரும் ஆவியைத் திரவ நைட்ரஜனில் உறைய வைப்பார்கள். பாதியில் நிறுத்தினால் லேசான நீரே அதிகமாக வந்திருக்கும். விகிதம் பிசகிவிடும். மணலுக்குப் போதுமான நேரம் களிமண்ணுக்குப் போதாது. இறக்கியபின் மண்ணை 105 டிகிரி அடுப்பில் வைத்து எடை பாருங்கள். எடை இன்னும் குறைந்தால் நீர் முழுதாக வரவில்லை.

• டியூட்டீரியத்தை மட்டும் நம்பாதீர்கள். அலையாத்தி மரங்களின் வேர் அதை ஓரளவு ஒதுக்குகிறது என்று 1993லும், வறண்ட நிலத்து மரஞ்செடிகள் பலவற்றில் அதுவே நடக்கிறது என்று 2007லும் வெளிவந்தது. பிச்சாவரத்துக்குப் போகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. நீரை இறக்கும் முறையே தண்டுநீரின் டியூட்டீரியத்தைக் குறைத்துக் காட்டுகிறது என்று 2020ல் இன்னோர் எச்சரிக்கை வந்தது. டியூட்டீரியம், ஆக்சிஜன்-18 இரண்டையும் அளந்து, முரண்பட்டால் ஆக்சிஜன்-18 பக்கம் நில்லுங்கள்.

• தாவர நீரை லேசர் கருவியில் அப்படியே செலுத்தாதீர்கள். கூடவே வரும் ஆல்கஹால் போன்றவை அளவைக் கெடுக்கும். நிறைநிறமாலைமானியில் ஒருமுறை சரிபாருங்கள். ரூர்க்கி தேசிய நீரியல் நிறுவனம், கோழிக்கோடு நீர்வள மையம் போன்ற இடங்களில் ஐசோடோப்பு ஆய்வகங்கள் உண்டு.

• ஆற்றங்கரை மரம் ஆற்று நீரைத்தான் குடிக்கும் என்று முன்கூட்டியே முடிவு கட்டாதீர்கள். அமெரிக்காவின் யூட்டாவில் ஓடைக்கரையில் நின்ற பெரிய மரங்கள் ஓடை நீரை அநேகமாகத் தொடவே இல்லை, ஆழத்து நீரையே எடுத்தன என்று டாசனும் ஏலரிங்கரும் 1991ல் காட்டினார்கள்.

• “எந்த நீர்” என்ற விடையை “எவ்வளவு நீர்” என்று மாற்றிச் சொல்லாதீர்கள். சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி 2017ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை மாவட்ட நிர்வாகங்களை முடுக்கியது. அதே ஆண்டில் இடைக்காலத் தடையும் வந்தது. வழக்கில் நிலத்தடி நீரும் பேசப்பட்டது. சீமைக் கருவேலத்தின் அமெரிக்க உறவுமரம் ஒன்றின் வேரை அரிசோனாவின் திறந்தவெளிச் சுரங்கத்தில் 53 மீட்டர் ஆழத்தில் கண்டிருக்கிறார்கள். எட்டக்கூடியது என்பதற்கு அது சான்று. இங்கே எட்டுகிறதா என்பதை ஐசோடோப்பு சொல்லும். நாளுக்கு எத்தனை லிட்டர் என்பதற்குத் தண்டில் சாறோட்டக் கருவி பொருத்த வேண்டும், பக்கத்துக் கிணற்றின் நீர்மட்டத்தையும் பார்த்துவர வேண்டும்.

• விருத்தகிரீசுவரர் கோயில் வன்னியில் கத்தி வைக்காதீர்கள். தலமரம் அது, கட்டட வேலையாட்களுக்கு அதன் இலையே பொன்னாகிக் கூலியானது என்று ஊர் சொல்லும். வேலிக்காத்தானோடு ஒப்பிட வன்னி வேண்டுமானால், கொல்லை வரப்பில் நிற்பதைத் தேடி, நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள். முடிவு வந்ததும் அவர் கிணற்றைப் பற்றித் தெரிந்ததை அவருக்கும் சொல்லுங்கள்.